முதலில் வாளி, பிறகு வின்ச்

அன்புள்ள செழியனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஜீப் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். படத்தில் பாதி மண், கால்வாசி துரு, மிச்சம்தான் வண்டி. ஆனாலும் மோசமில்லை. கதவுகளைச் சுற்றியுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தெரிகிறது. எங்காவது பலமாக மோதி வளைந்த வண்டி என்றால் அது முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது படங்களோடு இருந்த பட்டியலைப் பார்த்துத்தான். வின்ச் (சேற்றில் சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி), கூரை விளக்கு, உயரம் கூட்டும் ஸ்பிரிங், பெரிய டயர், புதுப் பெயிண்ட். அதில் ஒரு வாளி இல்லை, ஒரு கம்பி பிரஷ் இல்லை.

அந்தப் பட்டியலை இப்போதைக்கு மடித்து வை. கழுவுவதை நீ கடைசியில் செய்யும் அழகு வேலை என்று நினைக்கிறாய். கவனிப்பாரற்றுக் கிடந்த வண்டிக்கு அதுதான் முதல் பரிசோதனை. கை படாத இடத்தை யாரும் உண்மையில் பார்ப்பதில்லை. துணியும் பிரஷுமாக ஒவ்வொரு மூலைக்கும் போகும்போதுதான் விரிசலும், காணாமல் போன நட்டும், யாரோ கம்பியால் கட்டி ஒப்பேற்றிய இடமும் கண்ணில் படும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு முறை கீழே படுத்துப் பார். காய்ந்த மண் வெளிறியிருக்கும். எண்ணெய் கசிந்த இடத்தில் அதே மண் கறுத்துப் பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். கசிவு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள். கழுவிய பிறகு அந்தச் சாட்சி கிடைக்காது.

கீழே படுத்துப் பார் என்று சொன்னேனே, அதற்கு ஒரு நிபந்தனை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். கெட்டியான சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியை ஒரு முறை தள்ளி அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உன் அப்பா எனக்கு டார்ச் பிடித்த காலத்தில், நான் ஸ்டாண்டு வைக்கும் வரை விளக்கையே போட மாட்டார். அந்தப் பிடிவாதம் உனக்கும் வேண்டும்.

உள்பக்கத்தில் எலி இருந்திருக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பஞ்சு அதுதான். ஆர்வத்தில் துடைப்பத்தையோ வாக்குவத்தையோ எடுத்துவிடாதே. எலிப்புழுக்கையையும் சிறுநீர் காய்ந்த தூசியையும் கிளப்பி மூச்சில் இழுத்தால் ஹன்டா போன்ற வைரஸ் தொற்றக்கூடும். கதவுகளையெல்லாம் அரை மணி நேரம் திறந்து வை. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கூடு நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் அள்ளி மூடிய பையில் போடு. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பார். எலிக்கு அது மிகவும் பிடித்த வீடு. ஒயர்களைக் கடித்திருக்கிறதா என்று ஒன்று விடாமல் பார்த்து முடித்த பிறகுதான் பேட்டரி இணைப்பு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

தரைவிரிப்பைக் கழற்றி வெயிலில் போடு. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் உள்ள ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அதற்குக் கீழே தகரம் ஓட்டையாகியிருந்தால் ஆச்சரியப்படாதே. கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு; மண் அடைத்த துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடு. கதவு உள்ளிருந்து துருப்பிடிப்பதற்குப் பெரும்பாலும் அந்த அடைப்புதான் காரணம்.

இனி சேஸிஸ், அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம். இந்த வண்டியை வைத்துக்கொள்ளலாமா, உதிரிபாகங்களுக்காகப் பிரித்துவிடலாமா என்பதை இன்ஜின் முடிவு செய்யாது, சேஸிஸ்தான் முடிவு செய்யும். இன்ஜினை மாற்றலாம். சேஸிஸ் சட்டம் உள்ளிருந்து அரித்துவிட்டால் அதன் மேல் செய்யும் எல்லாச் செலவும் வீண். மண்ணைக் கழுவிய பிறகு சிறிய சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகச் சத்தம் போடும், செதில் செதிலாக உதிரும். பட்டை ஸ்பிரிங் சேஸிஸோடு சேரும் இடங்கள், பாடியைத் தாங்கும் இடங்கள், பின்சக்கரத்துக்கு மேலே வளையும் பகுதி ஆகிய மூன்றிலும்தான் மண் தேங்கும். அங்கே நிதானமாகத் தட்டு. சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்து. முனை உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டி எடுத்து நல்ல இரும்பு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அது அனுபவமுள்ளவர் செய்யும் வேலை, நீ கற்றுக்கொள்ளும் இடம் அதுவல்ல. மேலோட்டமான துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருமாற்றி திரவம் (துருவை மேலும் பரவாத படலமாக மாற்றுவது) பூசலாம். துருவின் மேலேயே தடித்த கறுப்புப் பூச்சை அடித்து மறைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிறார்கள். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். விற்பதற்காகத் தயார் செய்த வண்டிகளில் இந்த ஏமாற்று வேலையைத்தான் அதிகம் பார்க்கலாம். உன்னுடையது அழுக்காகக் கிடைத்தது ஒரு விதத்தில் நல்லது.

கழுவும்போது அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சுகிறாய் என்றால் பேரிங் சீல், யூ ஜாயின்ட் (சுழலும் தண்டின் மடங்கும் மூட்டு), ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்சாரம் தரும் கருவி), ஒயர் இணைப்புகள் ஆகியவற்றின் பக்கம் கொண்டுபோகாதே. ரேடியேட்டருக்கு மெதுவான தண்ணீர் போதும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே போகும்படி ஊற்று. முன்னாலிருந்து பீய்ச்சினால் தகடுகள் மடங்கும், சேறும் இன்னும் ஆழமாகப் போய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்து எண்ணெய்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் (அந்த விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பகிரும் பல்சக்கரப் பெட்டிகள்) என நான்கிலும் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் வடிக்கும் மூடியில் ஸ்பானர் வைக்க வேண்டும். எண்ணெயை வடித்துவிட்ட பிறகு மேல் மூடி துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வரும் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். காட்டுப்பாதை வண்டிகளில் இது ஏன் நடக்கிறது தெரியுமா? ஓடிச் சூடான ஆக்சில் (சக்கரங்களின் அச்சையும் டிஃபரன்ஷியலையும் மூடிய இரும்புக் கூடு) ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. ஆக்சிலின் மேலே இருக்கும் சிறிய மூச்சுக்குழாய் சேற்றால் அடைத்திருந்தால், காற்றுக்குப் பதிலாக சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடு. நீ ஆசைப்படும் வின்ச்சைவிட ஓடை கடப்பதற்கு இது அதிகம் உதவும்.

புரொப்பல்லர் ஷாஃப்டில் (ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு) இருக்கும் கிரீஸ் நிப்பிள்களை, அதாவது கிரீஸ் ஏற்றும் சிறு முனைகளை, துடைத்துவிட்டு, பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும் வரை அடி. துருவேறிய போல்ட்டுகளோடு மல்லுக்கட்டாதே. ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஒரு இரவு விட்டுவிடு. மறுநாள் முதலில் சற்று இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்து.

ஓடச் செய்வதற்கு முன்னால் நிற்கச் செய். பிரேக்கைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். நனைத்துத் துடை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 என்பது பிரேக் ஆயிலின் ஒரு தரம். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். நீண்ட மலையிறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. எனவே பழையதை முழுவதும் மாற்று. ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருந்தால் அவற்றையும் மாற்று. பிரேக் ஆயில் பெயிண்ட் மேல் சிந்தினால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்று.

இன்ஜினைப் பற்றி நீதான் ஆவலாக இருக்கிறாய், ஆனால் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. சாவியைத் திருகாதே. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவை. பிறகு கிராங்க் புல்லியில் (இன்ஜினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் சக்கரம்) ஸ்பானர் வைத்து, அது ஓடும் திசையிலேயே கையால் சுற்று. இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய பெட்ரோலை வடித்துவிடு. டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பெல்ட்) உள்ள இன்ஜின் என்றால், வயது தெரியாத பெல்ட்டைப் பழையது என்றே வைத்துக்கொண்டு மாற்று. பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் போய்விடும்.

நான்கு சக்கர ஓட்ட நெம்புகோல் நகரவில்லை என்று எழுதியிருந்தாய். நீண்ட நாள் யாரும் தொடாததால் இணைப்புகள் இறுகியிருக்கலாம். சுத்தம் செய்து எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார். வேலை செய்கிறதா என்று சோதிப்பதை மண்தரையில் செய். காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் உருண்டு, அச்சுகளுக்குள் முறுக்கம் ஏறி, நெம்புகோல் மறுபடி சிக்கிக்கொள்ளும்.

பெயிண்டுக்கு அவசரமே இல்லை. கீறல் விழுந்த வண்டியைத்தான் பயமில்லாமல் முட்புதருக்குள் ஓட்ட முடியும்.

ஐந்து டயர்களின் பக்கவாட்டிலும் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டில் கடைசி நான்கு இலக்கங்களை எழுதி அனுப்பு. 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியை மறந்துவிடாதே, எல்லாரும் மறப்பது அதைத்தான். பின் ஆக்சில் எண்ணெய் என்ன நிறத்தில் வந்தது என்றும் எழுது. சேஸிஸைத் தட்டும்போது வீடியோ எடு. ஓசையைக் கேட்டு எங்கே வெட்ட வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா