ஷோரூம் விலை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை விடாமல் படித்து வருபவன் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஸ்போர்ட்-டூரிங் எனப்படும் நெடும்பயண மோட்டார் சைக்கிள்களைப் பற்றி அப்பக்கத்தில் வரும் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஷோரூம் விலை, என்ஜினின் திறன், உச்ச வேகம் ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகின்றன. இப்படிப்பட்ட வண்டியை வாங்குபவர் குறைந்தது ஐந்தாண்டாவது அதை வைத்திருக்கப் போகிறார். சென்னையிலிருந்து மதுரைக்கோ, திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்கோ ஒரே மூச்சில் ஓட்டப் போகிறார். அவர் தெரிந்துகொள்ள வேண்டிய பெரும்பகுதி அந்த மூன்று எண்களுக்கு வெளியேதான் இருக்கிறது.

விலையிலிருந்தே தொடங்குகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, கூடுதல் தீர்வையும் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாக உயர்ந்தது. வரிக்கு முந்தைய விலை இரண்டு லட்சமாக உள்ள வண்டி இதனால் 20,000 ரூபாய் மலிவானது. ஆறு லட்சமாக உள்ள வண்டியோ 54,000 ரூபாய் கூடியது. ஆகவே 250 சி.சி. சுசூகி ஜிக்சர் எஸ்.எஃப்., 210 சி.சி. ஹீரோ கரிஸ்மா எக்ஸ்.எம்.ஆர்., ஓசூரில் தயாராகும் 312 சி.சி. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 ஆகியவை ஒரு பக்கமும், 649 சி.சி. கவாசாகி நிஞ்சா 650, 1,099 சி.சி. நிஞ்சா 1100 எஸ்.எக்ஸ். போன்றவை மறுபக்கமும் முன்பைவிட வெகுவாக விலகி நிற்கின்றன. வரிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வண்டியில் எதையும் கூட்டுவதில்லை என்பதை வாங்குபவர் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

இதற்கு மேல், வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தவணையில் கட்டும் ஆயுள்கால வரி இருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்டபின் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு இது 12 சதவீதம். புதிய வண்டிக்கு, விபத்தில் பிறருக்கு ஏற்படும் பாதிப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்தாண்டுக்கு மொத்தமாக எடுத்தாக வேண்டும். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாயாக இருந்த இத்தொகை, 350 சி.சி.யைத் தாண்டியதும் 15,117 ரூபாயாகியது. எட்டு லட்சம் என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போனவர் ஒன்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்து வண்டியை எடுத்து வருவது இப்படித்தான். வண்டி களவு போனால் சாதாரண முழுக் காப்பீட்டில் கிடைப்பது ஆண்டுதோறும் தேய்ந்துவரும் மதிப்பு மட்டுமே. கட்டிய ஆயுள்கால வரி அதில் சேராது.

காப்பீட்டைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இவ்வகை வண்டிகளுக்கே உரிய செலவு இது. காற்றைக் கிழித்துச் செல்வதற்காக முன்புறமும் பக்கவாட்டிலும் பொருத்தப்படும் ஃபேரிங் முழுவதும் பிளாஸ்டிக். வண்டி ஓடாமல் நிற்கும்போது சைடு ஸ்டாண்டு சரிந்து விழுந்தாலே அதில் ஒரு பகுதி உடையக்கூடும். சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிக்கப்படுகிறது; அதாவது பாதிப் பணம் உரிமையாளரின் கையிலிருந்துதான் போகும். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ காப்பீட்டைக் கூடுதலாக எடுத்தால் இதைத் தவிர்க்கலாம். அதற்கும் ஆண்டுதோறும் தனிக் கட்டணம் உண்டு. ஃபேரிங் இல்லாத பைக்குடன் விலையை ஒப்பிடுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்க ஃபேரிங்கின் விலை என்ன, அது வந்து சேர எத்தனை நாளாகும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உடைந்த பாகத்துக்காக வண்டி வாரக்கணக்கில் முடங்கிக் கிடப்பதும் உரிமையாளருக்கு நஷ்டமே.

இனி, கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். மத்திய அரசு அறிவித்த உச்சவரம்பின்படி நான்குவழிச் சாலையிலும் மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டரே அனுமதி. அந்த வேகத்தில் நாள் முழுவதும் சலிக்காமல் ஓடுவதற்கு 250 சி.சி. என்ஜினே போதுமானது. இருநூறைத் தொடும் உச்ச வேகத்துக்காக லட்சங்களைக் கூட்டிக் கொடுப்பவர், நம் சாலைகளில் பயன்படுத்த முடியாத ஒன்றுக்கே அதைக் கொடுக்கிறார். ஆனால் பெரிய வண்டியில் வேகத்தைத் தவிர வேறு சிலவும் கிடைக்கின்றன. நிஞ்சா 1100 எஸ்.எக்ஸ்.-இன் எடையும் நான்கு சிலிண்டர் என்ஜினின் அதிர்வற்ற ஓட்டமும் குறுக்குக் காற்றிலும் லாரிகளைக் கடக்கும்போதும் தரும் உறுதி மெய்யானது. பின்னால் ஒருவரை அமர்த்தி, இருபுறமும் பெட்டி மாட்டி, மலையேறும்போது அந்த வேறுபாடு உடலுக்கே தெரியும். மனைவியுடன் பல மாநிலங்களைச் சுற்றி வருபவருக்கு அந்தப் பணம் வீணல்ல என்றே சொல்வேன்.

எந்த விலையில் வாங்கினாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இரு சக்கரங்களுக்கும் இருக்க வேண்டும், நான் குறிப்பிட்ட சிறிய வண்டிகளிலும் இன்று அது கிடைக்கிறது. ஹேண்டில்பார் பந்தய வண்டியைப் போலத் தாழ்ந்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கத் தொடங்கும். கடை வாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதால் இது தெரியாது. அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். பின்னிருக்கையில் வழக்கமாக அமரப்போகிறவரையும் கடைக்கு அழைத்துச் சென்று உட்காரச் சொல்ல வேண்டும். இவ்வகையில் பல வண்டிகளின் பின்னிருக்கை உயரமாகவும் குறுகலாகவும் இருப்பதால், முதல் நெடும்பயணத்திலேயே அவர் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிடக்கூடும். அதோடு அந்த வண்டியை வாங்கிய நோக்கத்தில் பாதி அடிபட்டுப் போகும். வண்டி தாங்கக்கூடிய மொத்த எடையையும் கையேட்டில் பார்க்க வேண்டும். இருவரின் எடை, பெட்டிகள், அவற்றைத் தாங்கும் கம்பிச் சட்டம் எல்லாம் சேர்ந்து அந்த வரம்பை எளிதில் எட்டிவிடும்.

ஓட்டும் செலவில் பெட்ரோல் கண்ணுக்குத் தெரிவது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தரும் வண்டியில் 343 லிட்டர் செலவாகும். 20 தரும் வண்டியில் 600 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,700 ரூபாய் வித்தியாசம், ஐந்தாண்டில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். வெளியில் தெரியாதவை டயர்களுக்கும் என்ஜினுக்குள் உள்ள வால்வுகளுக்கும் ஆகும் செலவு. பெரிய வண்டிகளின் அகலமான ரேடியல் டயர்கள் விலை மிகுந்தவை. பின் டயர் முன் டயரைவிட விரைவில் தேயும். ஒற்றை சிலிண்டர் என்ஜினில் வழக்கமாக நான்கு வால்வுகள், நிஞ்சா 650-இல் எட்டு, 1100 எஸ்.எக்ஸ்.-இல் பதினாறு. வால்வு இடைவெளியைச் சரிபார்க்க ஃபேரிங்கையும் டேங்கையும் கழற்ற வேண்டியிருப்பதால், வேலை நேரத்துக்கான கூலியே பெரிய தொகையாகிவிடும். மேலும், சிறிய வண்டிகளுக்குப் பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் சர்வீஸ் கிடைக்கிறது. பெரியவற்றுக்கு அந்த வசதி சில பெருநகரங்களோடு நின்றுவிடுகிறது. இராமநாதபுரத்தில் இருப்பவர் ஒரு சர்வீசுக்காக முந்நூறு, நானூறு கிலோமீட்டர் போய்வர நேர்ந்தால், அதையும் வண்டியின் விலையில்தான் சேர்க்க வேண்டும்.

இவை அனைத்தையும் எடைபோட்டுப் பார்த்தால், தனியாகவோ எப்போதாவது இருவராகவோ பயணம் செய்யும் பெரும்பாலான வாசகர்களுக்கு 350 சி.சி.க்கு உட்பட்ட வண்டியே கொடுத்த பணத்துக்குத் தக்க பயனைத் தரும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய வண்டிதான் வேண்டும் என்போர் நன்கு பராமரிக்கப்பட்ட பழைய வண்டியைப் பார்ப்பது மேல். காப்பீட்டு விதிப்படி மூன்றாண்டு கடந்து நான்கு நிறைவடையாத வண்டியின் மதிப்பில் 40 சதவீதம் கழிக்கப்படுகிறது; சந்தை விலை அதற்குச் சற்று முன்பின் இருந்தாலும், அந்த இழப்பின் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் ஏற்கெனவே சுமந்து முடித்திருப்பார். சர்வீஸ் ரசீதுகள் முழுமையாக இல்லாத வண்டியை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கக் கூடாது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வாகனப் பக்கத்தில் இவ்வகை வண்டிகளை ஒப்பிடும்போது ஷோரூம் விலைக்குப் பக்கத்தில் வரியும் காப்பீடும் சேர்ந்த தமிழ்நாட்டுக்கான ஆன்-ரோடு விலை, முழு டேங்கில் ஓடும் தூரம், ஐந்தாண்டுக்கான சர்வீஸ் செலவு, ஒரு ஜோடி டயரின் விலை, ஒரு பக்க ஃபேரிங்கின் விலை, மாநிலத்தில் உள்ள சர்வீஸ் சென்டர்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் வெளியிட வேண்டுகிறேன். வண்டியைச் சோதித்து எழுதுபவர் ஒருமுறையாவது பின்னிருக்கையிலும் அமர்ந்து நூறு கிலோமீட்டர் சென்றபின் எழுதினால், கடனும் தவணையுமாகப் பணம் திரட்டி வாங்கும் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.