பீரோ சாவி வைத்திருக்கும் காமிக்ஸ் பெரியவர்களுக்கு

அன்புள்ள மாமாக்களே, சித்தப்பாக்களே, பெரியப்பாக்களே,

வணக்கம். பழைய முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் பாலிதீன் கவரில் போட்டு, நடுநடுவே அந்துருண்டை வைத்து, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்களே, உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். எனக்கு வயது 14. ஜூனில் பத்தாம் வகுப்பு. ஸ்பெஷல் கிளாஸ் போக இந்தக் கோடையில் எனக்கு மிஞ்சுவது மூன்று வாரம்தான். பேச வந்ததும் அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான்.

போன வருடம் அப்பாவோடு ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். காமிக்ஸ் ஸ்டாலில் நல்ல கூட்டம். உள்ளே நுழைந்து பார்த்தால் ஒரே நரைமுடியும் வழுக்கையும். என் வயதில் ஒருத்தர்கூட இல்லை. ஒரு மாமா குனிந்து, "யாரத் தேடுத? அப்பாவத் தொலைச்சிட்டியா?" என்று பாசமாகக் கேட்டார். கௌபாய் லக்கி லூக் கதை தேடுகிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க சார் படிக்குது, எல்லாம் செல்போன் கேம்" என்றார். என் கையில் புத்தகம் இருக்கும்போதே!

அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

வீடியோ கேம் எங்களைக் கெடுக்கிறது, வன்முறையைச் சொல்லித் தருகிறது என்கிறீர்கள். சரி, உங்களை வளர்த்தவர்கள் யார் என்று பார்ப்போமா? 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை மட்டும் தெரியும், மீதி மறைந்துவிடும். அந்தச் சக்தி கிடைத்ததும் பிரிட்டிஷ் மூலக்கதையில் அவர் முதலில் இறங்கியது குற்றத்தில்தான். நல்லவராகி உளவாளி ஆனதெல்லாம் அப்புறம். ஸ்பைடர்? நீங்கள் செல்லமாகக் கூர்மண்டையன் என்பீர்களே, அவன் குற்ற உலகுக்கே ராஜாவாக ஆசைப்பட்டுக் கிளம்பியவன். (சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் இவன் கதைகளில் பலவற்றை எழுதியிருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குத் தலை சுற்றியது.) 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கி வைத்த மாடஸ்டி கடத்தல் கும்பலுக்கே தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர். கௌபாய் கதை நாயகர் டெக்ஸ் வில்லரைப் பற்றிச் சொன்னால் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்: அவர் ஒரு கணவாயில் சுட்டுத் தள்ளும் ஆட்களை எண்ணினால் எங்கள் கேமில் ஒரு ரவுண்டுக்கு மேலேயே வரும்.

இத்தனை திருடர்களோடு வளர்ந்த நீங்கள் இன்று பேங்க் மேனேஜராகவும் தமிழாசிரியராகவும் மருந்துக்கடை முதலாளியாகவும் இருக்கிறீர்கள். எங்கள் மேலும் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாமே.

இன்னொன்று. நீங்களும் கேம் ஆடியவர்கள்தான். 1990களில் கேசட் போட்டு டிவியில் ஆடும் வீடியோ கேமை வாடகைக்கு எடுத்து, தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்து மாரியோ ஆடிய கதையை அப்பா சொல்லியிருக்கிறார். கான்ட்ரா என்ற சுடும் கேமில் 30 உயிர் வாங்குவதற்கு ஒரு சூத்திரம் உண்டாம். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. போன வாரம் என் ஆதார் எண்ணைக் கேட்டதற்குப் போனைத் தேடி ஓடிய அப்பா, இதை மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

நான் ஆடுவதில் பாதி மைன்கிராஃப்ட். உலகத்திலேயே அதிகம் விற்ற கேம் அது. அதில் சண்டை போடுவதைவிட நான் கட்டியதுதான் அதிகம். அரையாண்டு விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒரு தெப்பக்குளம் கட்டினேன், நடுவில் மண்டபத்தோடு. கடைசிப் படிக்கட்டை வைக்கும்போது பின்னால் கிரீப்பர் என்ற பச்சைப் பிராணி ஒன்று வந்து வெடித்து ஒரு பக்கச் சுவரையே தூக்கிவிட்டது. அழுதேன். மறுபடி கட்டினேன். இதைச் சொன்னால் அம்மா, "இந்தப் பொறுமை கணக்குல இருந்தா" என்று ஆரம்பிப்பார், அதனால் இதோடு விடுகிறேன்.

ஆனால் 2023-ல் வந்த வெண்பா என்ற கேமைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். டொரன்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அந்த அம்மாவிடம் அவருடைய அம்மா எழுதிய சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. கிழிந்து, கறைபட்டு, பாதி எழுத்து அழிந்த நோட்டு. விட்டுப்போனதை நாம்தான் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதுதான் முதல் புதிரே. துப்பாக்கி கிடையாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. அண்ணன் லேப்டாப்பில் நான் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, "தட்ட மாத்தி வை" என்று சொன்னார். அது சரியான விடை. அழிந்துபோன பக்கத்தை வைத்துக் கதையை ஊகிப்பது உங்களுக்குப் பழக்கமானதுதானே? நடுப்பக்கம் போன பழைய ராணி காமிக்ஸை அப்படித்தான் படித்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

விடுமுறைகளிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. எல்லாரும் கோடை விடுமுறையைத் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது வாரத்திலேயே சலித்துவிடும். காலாண்டு விடுமுறையில் திருத்திய பேப்பர் வரப்போகிறதே என்று வயிற்றைக் கலக்கும். எனக்குப் பிடித்தது மழை விடுமுறைதான். காலையில் கலெக்டர் அறிவிப்பு வரும் வரை சீருடை போட்டுக்கொண்டு காத்திருந்து, வந்ததும் மறுபடி போர்வைக்குள் போகும் சுகம் வேறு எதில் இருக்கிறது? ஆனால் மழை வந்தால் எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும். அதோடு வைஃபை, கொஞ்ச நேரத்தில் லேப்டாப் சார்ஜ், கடைசியாகப் போன். அப்போது கையில் மிஞ்சுவது காமிக்ஸ்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் போதும். (கரண்ட் இல்லாவிட்டால் மாயாவியாலேயே மறைய முடியாது என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன்.) என்னிடம் இருப்பது மொத்தம் 11 புத்தகம். போன ஐப்பசி மழையில் ஒவ்வொன்றையும் நாலு தடவை படித்தேன். லக்கி லூக் சிகரெட்டை விட்டு வாயில் புல்லைக் கடிக்க ஆரம்பித்தது எந்தக் கதையிலிருந்து என்று தேடப் பார்த்தேன். என்னிடம் இருக்கும் மூன்று லக்கி லூக் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் பீரோவில் முந்நூறு இருக்கிறது.

பதிப்பாளர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வெளிநாட்டு உரிமைத் தொகை கட்டி, வண்ணத்தில், நல்ல தாளில், குறைந்த பிரதிகள் அச்சடித்தால் விலை ஏறத்தான் செய்யும். என் பாக்கெட் மணியில் இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்கலாம். ஆனால் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. லயன் காமிக்ஸ் அந்தக் காலத்தில் கோடை மலர், தீபாவளி மலர் என்றெல்லாம் போட்டது யாருக்காக? லீவு விட்ட பிள்ளைகளுக்காக. அந்தப் பிள்ளைகள் நீங்கள். மினி லயன் என்று சிறுசுகளுக்கே தனியாக ஓர் இதழ்கூட வந்தது. இன்றைக்கு எது வர வேண்டும் என்று கடிதம் போடுவதும் நீங்கள், முன்பணம் கட்டுவதும் நீங்கள். உங்களுக்கு வேண்டியது நீங்கள் பத்து வயதில் படித்ததன் மறுபதிப்பு, அதுவும் கெட்டி அட்டையில். இப்போது பத்து வயதாக இருப்பவர்களுக்காக உங்களில் ஒருவராவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சாத்தூர் மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கமான மனுஷர். ஆனால் காமிக்ஸ் கேட்டால் முகம் மாறிவிடும். கை கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், முறுக்கு தின்றுகொண்டு தொடக் கூடாது, புத்தகத்தை அரைவாசிக்கு மேல் விரிக்கக் கூடாது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. படிக்கும்போது எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், பரீட்சை ஹாலில் போல. ஒரு பழைய கோடை மலருக்கு அவர் கொடுத்த விலை இன்னும் அத்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இரண்டு பிரதி வைத்திருக்கும் புத்தகங்கள் மட்டும் அவரிடம் நாற்பது தேறும். ஒன்று படிக்க, ஒன்று பாதுகாக்க என்கிறார். படிப்பதற்கான பிரதியும் பீரோவுக்குள்ளேயே இருந்தால் எப்படி மாமா?

அந்த இரண்டாவது பிரதியைத்தான் கேட்கிறேன். அண்ணன் மகள், தங்கை மகன், மாடி வீட்டுப் பையன், யாருக்காவது இந்த மே மாதம் கொடுத்துப் பாருங்கள். ஓரம் மடங்கும். ஒன்றிரண்டில் மாம்பழச் சாறும் படும். உங்கள் பிரதிகளில் பால்பாயிண்ட் பேனாவால் மாயாவிக்கு மீசை வரைந்தது யார், நாங்களா?

மே இரண்டாவது வாரம் சாத்தூர் வருகிறேன் மாமா. லேப்டாப்பும் கொண்டு வருவேன். வெண்பாவை உங்களுக்கு ஆடக் கொடுக்கிறேன், எதிரில் உட்கார்ந்து பார்க்க மாட்டேன். நீங்கள் இட்லித் தட்டை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்குச் சாவி என்னிடம் இருக்கட்டும். கை கழுவிவிட்டுத்தான் வருவேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து,
11 புத்தகம் வைத்திருக்கும் ஒரு வாசகி