அரை நாள் வேலை என்று ஒன்று இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூரி சேவைக்கு, அதாவது கோர்ட்டில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவராக உட்கார, அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயப்படாமல் போங்கள், அது குடிமகனுக்குப் பெருமை என்று எழுதியிருந்தீர்கள். சரி, போகத்தான் வேண்டும். ஆனால் 'வருமான இழப்புக்கு ஈடு கிடைக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சொந்தத் தொழில் செய்கிற எனக்கு அந்த ஈடு எப்படிக் கிடைத்தது என்று எழுதத் தோன்றியது.

நான் லண்டனில் குளியலறை, சமையலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவன். ஒரு வான், ஒரு கட்டர், நான். வேறு ஆள் கிடையாது. 2024 அக்டோபரில் பத்து வேலை நாள், பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டுக்குப் போனேன். வழக்கு என்ன, அறைக்குள் என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள். உள்ளே பேசியதை வெளியே சொன்னால் இந்த நாட்டில் அது குற்றம். என் மனைவிக்கே சொல்லவில்லை.

பணத்துக்கு வருவோம். நான் போனபோது முதல் பத்து நாளுக்கு, நாளொன்றுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்ட். அந்த வருடம் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்ட். எட்டு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 91.52 வரும். நான் ஒரு பையனை வேலைக்கு வைத்து நாளுக்கு 64.95 கொடுத்திருந்தால் என் மேலேயே வழக்கு வந்திருக்கும்! குழந்தையைப் பார்க்க ஆள் வைத்தால் அந்தச் செலவும் இதே 64.95க்குள்தான் அடங்க வேண்டும். சாப்பாட்டுக்குத் தனியாக 5.71.

அதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால்தான் அந்த 64.95. அதற்குள் அனுப்பிவிட்டால் 32.47தான். எனக்கு அப்படி மூன்று நாள் அமைந்தது. ஒருநாள் காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தோம், வழக்கு தள்ளிப் போய்விட்டது என்று பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணக்குப் போட்டவர்கள், மிச்ச நாளில் வேலைக்குப் போகலாம்தானே என்று நினைத்திருப்பார்கள். டைல்ஸ் வேலையில் அரை நாள் என்று ஒன்று இல்லை. பசை குழைத்துவிட்டால் அது இறுகுவதற்குள் பதிக்க வேண்டும். வாடிக்கையாளர் எட்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர். பன்னிரண்டரை மணிக்கு நான் போய் நின்றால் யார் திறப்பது? அந்த மூன்று நாளும் எனக்கு முழுதாகப் போனவைதான். பத்து நாளுக்கும் சேர்த்து வருமான ஈடாகக் கைக்கு வந்தது 552 பவுண்ட் சொச்சம். வழக்கமாக நாலு நாளில் அதைவிடக் கூடுதலாகப் பார்ப்பேன்.

சம்பளத்துக்குப் போகிறவர்களுக்குப் பாதகமில்லை என்று சொல்ல வரவில்லை. சில முதலாளிகள் சேவை நாட்களுக்குச் சம்பளம் தருவதில்லை. ஆனால் தருகிறவர்களும் நிறையப் பேர். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு நாள் சம்பளம்கூட இழக்கவில்லை.

நம் ஆட்களிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று. சொந்தத் தொழில்காரர் வருமானத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். என்னிடம் கடைசி வரிக் கணக்கைக் கேட்டார்கள். லாபத்தைக் குறைத்துக் காட்டி வரியை மிச்சம் பிடித்தவர்கள் இங்கே தலையைச் சொறிய வேண்டியதுதான். தாளில் இல்லாத வருமானத்தை இழந்தேன் என்று எப்படிச் சொல்வது?

எனக்குத் தாமதமாகத் தெரிந்தவை இரண்டு. அழைப்பை ஒருமுறை தள்ளிப்போடக் கேட்கலாம், பன்னிரண்டு மாதத்துக்குள் வேறு தேதி தருவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டை முடித்துக் கொடு என்று எல்லாரும் நெருக்குகிற அக்டோபரில் போய் மாட்டிக்கொண்டேன். போன் அடிக்காத ஜனவரிக்குக் கேட்டிருக்கலாம். அப்புறம், தொழில் காப்புறுதியோடு சட்டச் செலவுக் காப்பும் எடுத்தவர்கள் பத்திரத்தை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். பல பத்திரங்களில் ஜூரி சேவைக்கும் ஏதோ கொடுப்பதாக இருக்கும். என்னுடையதிலும் இருந்தது, கேட்க வேண்டிய காலம் முடிந்த பிறகுதான் கண்டேன்.

பணம் போகும் என்று தெரிந்தே விலக்குக் கேட்டிருக்கலாமே என்று என் தம்பி கேட்டான். எனக்கு மனம் வரவில்லை. 2016 டிசம்பரில் கொழும்பில் தமிழ் எம்.பி. ரவிராஜ் கொலை வழக்கில் சிங்களம் பேசும் ஜூரி சபை குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரையும் விடுவித்தபோது, அந்த ஆசனங்களில் யார் இருந்தார்கள் என்றுதான் நாம் எல்லோரும் கேட்டோம். இங்கே என்னை உட்கார அழைக்கும்போது, கூலி போகிறது என்று எப்படி ஒதுங்குவது? ஆனால் அரசாங்கம் இதே தொகையில் வைத்திருந்தால் என் மாதிரி ஆட்கள் ஒவ்வொருவராக ஒதுங்கத்தான் செய்வார்கள். அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் ஓய்வூதியக்காரரும் அலுவலகச் சம்பளக்காரரும்தான் மிஞ்சுவார்கள். குறைந்தது அந்த அரை நாள் கணக்கையாவது நீக்கச் சொல்லி நம் பகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். வாசகர்களும் எழுதினால் நல்லது.

அழைப்பு வந்தபோது நான் பாதி முடித்திருந்த குளியலறைக்காரர், பாவம், இரண்டு வாரம் அக்கா வீட்டுக்குப் போய்க் குளித்தார். கடைசியில் பில்லில் 50 பவுண்ட் பிடித்துக்கொண்டார். நானும் மறுத்துப் பேசவில்லை. செலவுப் படிவத்தில் அதை எழுதக் கட்டம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
டைல்ஸ் வேலைக்கார வாசகன்,
லண்டன்