மஞ்சள் எத்தனை கிராம், கீழாநெல்லி எத்தனை கைப்பிடி? அளந்து சொல்லுங்கள்

கேரளம், தமிழ்நாடு இரண்டு பக்கத்துக் கால்நடைத் துறையினருக்கும், வயநாட்டுப் பூக்கோட்டிலும் சென்னை மாதவரத்திலும் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, நாட்டுக்கோழி வளர்க்கிறேன். போன மாசியில் முப்பத்தெட்டுக் கோழியில் பத்தொன்பது போய்விட்டது. முதலில் ஒரு பெட்டை இரை எடுக்காமல் சிறகைத் தொங்கப்போட்டு நின்றது, மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, மூன்றாம் நாள் கழுத்து திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே சுற்றிச் சுற்றி வந்து பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. வந்து பார்த்த டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு செத்த கோழியை அறுத்து இரைப்பையைப் பிளந்து காட்டினார். உள்சுவர் முழுக்கக் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். ராணிக்கெட், நாம் சொல்கிற வெள்ளைக்கழிச்சல். வைரஸ் செய்கிற சேதம் ஒரு பக்கம், அதை எதிர்க்க உடம்பு மூட்டுகிற அழற்சி அளவு மீறிப் போவது இன்னொரு பக்கம் என்று விளக்கினார்.

அதற்குள் என் மாமியார் மஞ்சள், மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டி எல்லாக் கோழிக்கும் ஊட்டிவிட்டார். பத்தொன்பது பிழைத்தது. உருண்டையால் பிழைத்ததா, தானாகவே பிழைத்ததா? என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க உருண்டை கொடுக்காத கோழி ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள். இந்த மடலே அதற்காகத்தான்.

மஞ்சளில் உள்ள குர்குமினும் நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடும் செல்லுக்குள் அழற்சியைத் தூண்டிவிடுகிற என்எஃப் கப்பா பி என்ற புரதத்தை அடக்குகின்றன என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள், சரி. ஆனால் ஆய்வகத் தட்டில் நடந்தது என் கோழியின் குடலில் நடக்குமா? மஞ்சள்தூளில் குர்குமின் இருப்பதே சுமார் 3 சதவீதம், அதுவும் தண்ணீரில் கரையாது. தண்ணீர்த் தட்டில் மஞ்சள் கலக்கி வைத்தால் சாயங்காலம் அடியில் மஞ்சளாகப் படிந்து கிடக்கும், கோழி குடித்தது மேலே தெளிந்த தண்ணீரைத்தான், இதை நானே தினமும் பார்க்கிறேன். தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கொடுத்தால் உடம்பில் கூடுதலாகச் சேருமா? மிளகில் உள்ள பைப்பரின் சேர்த்தபோது மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு சேர்ந்தது என்று 1998-ல் வந்த ஆய்வு சொல்கிறது. கோழிக்கு எவ்வளவு? அதே பைப்பரின் மற்ற மருந்துகளையும் உடம்பில் கூடுதலாகச் சேர்க்கக்கூடியது, அப்படியானால் டாக்டர் கொடுக்கிற மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா? அழற்சி என்பதே உடம்பு நோயோடு போடுகிற சண்டை, அதை முதல் நாளே அடக்கினால் வைரஸுக்கு வசதியாகிவிடாதா? எந்த நாளில் ஆரம்பிப்பது, எந்த நாளில் நிறுத்துவது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத இடத்தில்தான் வியாபாரம் நுழைகிறது. போன மாசியில் பதறிப்போய் ஒரு கடையில் 480 ரூபாய்க்கு 'மூலிகை டானிக்' வாங்கினேன். பாட்டிலில் இலைப் படம் இருந்தது, என்ன மூலிகை எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. இன்னொரு கடையில் ஆன்டிபயாடிக் பொடியை நீட்டினார்கள். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு? கோழிக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கூடாது என்று 2019-லேயே தடை போட்ட நாடு இது.

தடுப்பூசிக்கு மாற்றாக மஞ்சளை நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுகிறார்கள், பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற என் தங்கை வீட்டுக் கோழிக்கு அப்போதே ஊசி விழுந்துவிடும். அதே இரண்டு வாரத்தில் எங்கள் பக்கமும் போட்டால் என்ன? கோழிக்கும் வைரஸுக்கும் எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் தெரியாது.

பறவைக் காய்ச்சல் விஷயம் வேறு. அங்கே உருண்டைக்கு வேலையே இல்லை, கூட்டமாகச் செத்தால் தொடாமல் உடனே தகவல் சொல்ல வேண்டும், உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கும். 2014-ல் ஆலப்புழையில் வாத்துகளை எரித்ததை டிவியில் பார்த்து நாங்கள் அழுதிருக்கிறோம். ஆனால் இந்த வித்தியாசத்தைச் சொல்லும் துண்டறிக்கை எங்களுக்கு மலையாளத்தில் மட்டும்தான் கிடைத்தது. என் மாமியாருக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். பயந்துபோய் கழிச்சலுக்கும் காய்ச்சலுக்கும் ஒரே உருண்டையைக் கொடுத்துவிடுவார், வெறும் கையால்.

இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து, உருண்டை கொடுத்த கூட்டம், கொடுக்காத கூட்டம் என்று பிரித்து ஒழுங்காக ஒரு சோதனை செய்யுங்கள். பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள், அரைப்பதை விட்டுவிடுகிறோம். எங்கள் தோட்டத்தில் கீழாநெல்லி வரப்போரம் தானாக முளைத்துக் கிடக்கிறது, வேண்டிய அளவு பறித்துக்கொள்ளலாம். அரைக்கிற பக்குவத்தை மாமியாரே உட்கார்ந்து காட்டுவார், எடைத் தராசு மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.