சின்னப் படகு ரேடாரில் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சாங்கியிலிருந்து சின்னப் பாய்மரப் படகில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலுள்ள நொங்சாவுக்கும் மலேசியாவின் தியோமான் தீவுக்கும் கிளம்பும் நம்மவர்கள் இப்போது அங்கங்கே கண்ணில் படுகிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் ரேடார் ரிஃப்ளெக்டர் (ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் சாதனம்) என்று விற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கட்டிவிட்டு, இனி எல்லாக் கப்பலின் ரேடாரிலும் நாம் பளிச்சென்று தெரிவோம் என்று சிலர் நம்புகிறார்கள். கப்பல்களில் சுக்கான் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் குழாயை நம்ப வேண்டாம்.

ரேடார் அலை இரும்பில் பட்டால் திரும்பி வரும். சின்னப் படகின் உடம்பான ஃபைபர் கிளாஸில் பட்டால் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். பாய்த் துணியும் அப்படித்தான். "அலுமினியப் பாய்மரம் இருக்கிறதே?" என்று கேட்பார்கள். அது நேராக நிற்கும்வரை கொஞ்சம் எதிரொலிக்கும். காற்றில் படகு சாய்ந்ததும் அலையை வானத்துக்கோ தண்ணீருக்கோ தள்ளிவிடும். இதற்காகத்தான் ரிஃப்ளெக்டர். மூன்று உலோகத் தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேரும் மூலைக்குள் விழும் அலை, வந்த வழியே திரும்புகிறது. எண்முக ரிஃப்ளெக்டரில் இப்படி எட்டு மூலைகள் உண்டு. அதைக் கூர்முனை மேலே இருக்கும்படி தொங்கவிடுவது பலரும் செய்யும் தவறு. ஒரு குழி நேர் மேலே பார்த்து, மழைநீர் பிடிக்க வைத்த கிண்ணம் போல இருக்க வேண்டும்.

அளவும் முக்கியம். பக்க நீளத்தை இரட்டிப்பாக்கினால் எதிரொலி இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு கூடும். குழாய்க்குள் இருப்பதும் இதே மூலைகள்தான், ஆனால் விரற்கடை அளவில்! இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. 2006 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவுக்குத் தெற்கே ஊஸோ என்ற பாய்மரப் படகு இரவில் மூழ்கி, அதிலிருந்த மூவரும் இறந்தார்கள். அருகே கடந்துபோனது ஒரு பெரிய பயணிகள் கப்பல். அந்த விபத்தை விசாரித்த பிரிட்டிஷ் அமைப்பு, கடைகளில் விற்கும் ரிஃப்ளெக்டர்களைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. 2007-இல் வந்த அறிக்கை, 4 அங்குலக் குழாயைப் பொருத்தாதீர்கள், 2 அங்குலக் குழாயும் ஏற்றதல்ல என்று நேரடியாகவே சொன்னது. படகு சாய்ந்தால் மற்ற வகைகளில் பலவும் சறுக்கின.

நம் கடலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கப்பல் ரேடார் இரண்டு வகை: 3 செ.மீ. அலைநீளம் கொண்ட எக்ஸ் பேண்ட், 10 செ.மீ. கொண்ட எஸ் பேண்ட். பெரிய கப்பல்களில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். விடியற்காலையில் சுமத்ரா காற்று மழையோடு அடித்து வரும்போது எக்ஸ் பேண்ட் திரை முழுக்க மழையின் எதிரொலி நிரம்பிவிடும். அதிகாரி எஸ் பேண்டுக்கு மாறுவார். ரிஃப்ளெக்டர் மிக மோசமாக வேலை செய்வது அதில்தான். பன்னாட்டுத் தரமே எக்ஸ் பேண்டில் 7.5 சதுர மீட்டர் எதிரொலிப் பரப்பு (ரேடாருக்கு ஒரு பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவு) கேட்கும் இடத்தில், எஸ் பேண்டில் 0.5 போதும் என்று விட்டுவிடுகிறது. அப்புறம் மழையையும் அலையையும் திரையிலிருந்து குறைக்கும் பொத்தானைக் கொஞ்சம் அதிகம் திருகினால், நம் படகின் புள்ளியும் சேர்ந்தே போய்விடும். கண்ணாலும் பார்க்க முடியாத நேரம் அது.

படகில் பேட்டரி இருந்தால், வரும் ரேடார் துடிப்பைப் பெருக்கித் திருப்பி அனுப்பும் மின்னணுக் கருவியைப் போடுவது நல்லது. எக்ஸ் பேண்டுக்கு மட்டும் பதில் தரும் மலிவான வகையை விட்டு, இரண்டுக்கும் தருவதை வாங்குங்கள். படகின் பெயர், இடம், வேகத்தை ரேடியோவில் மற்ற கப்பல்களுக்குச் சொல்லும் ஏஐஎஸ் கருவியும் உதவும். ஆனால் சிறு படகுகளுக்கான சாதாரண பி வகைக் கருவி 2 வாட் சக்தியில், ஓடும்போது 30 விநாடிக்கு ஒருமுறைதான் பேசும். நெரிசலான நீரில் அந்த வகைப் படகுகளைக் கப்பல்காரர் திரையிலிருந்து மறைத்து வைக்கவும் முடியும். இதெல்லாம் இருந்தும் எண்முக ரிஃப்ளெக்டரை உயரத்தில் கட்டச் சொன்னால் கியாசு, எதற்கும் பயப்படுகிறவன் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதற்கு மின்சாரமே வேண்டாம்.

நொங்சா போக சிங்கப்பூர் நீரிணையின் கப்பல் தடங்களைக் குறுக்கே கடந்தாக வேண்டும். செங்குத்தாகக் கடக்க வேண்டும், தடத்தில் வரும் கப்பலுக்குப் பாய்மரப் படகு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு விதி. 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை 5 நிமிடத்தில் தாண்டிவிடும். கொள்கலன் அடுக்கிய பெரிய கப்பலின் மூக்குக்கு முன்னால் 500 மீட்டர் வரை கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் நிற்பவருக்குக் கடலே தெரியாமல் இருக்கலாம், விதிமுறையே அதை அனுமதிக்கிறது. எதைக் கட்டியிருந்தாலும், நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்து அங்கே போகக் கூடாது.

படகு கிளப்புகளுக்கு ஒரு கோரிக்கை. வெளிப் பயணத்துக்கு முன் உயிர்காப்பு அங்கி எண்ணும்போது, ரிஃப்ளெக்டர் எந்த வகை, எப்படித் தொங்குகிறது என்பதையும் பாருங்கள். முனை மேலே இருக்கிறதா என்பது கரையில் நின்று பார்த்தாலே தெரியும்.

முன்னாள் கப்பல் ஊழியர்,
பிடோக்