பொருளியல் பாடநூல் எழுதும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

உங்கள் நூல்களைப் படித்துத் தேறியவன் நான். இன்று அவற்றையே கற்பிக்கிறேன். கூலி பற்றிய அத்தியாயம் வரும்போதெல்லாம் என் மனம் ஒப்புவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

கடைசியாகச் சேரும் தொழிலாளி உற்பத்தியை எவ்வளவு கூட்டுகிறாரோ அதுவே கூலியின் அளவு என்கிறீர்கள். 1899-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் பேட்ஸ் கிளார்க் இதை இயற்கை விதியாகவே முன்வைத்தார். அவரவர் உண்டாக்கியது அவரவருக்கே வந்து சேர்கிறதாம்.

இந்தக் கணக்கைக் குலைக்கும் கேள்வியை 1840-லேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோன் கேட்டுவிட்டார். தன்னை அரசின்மைவாதி, அதாவது மேலிருந்து ஆளும் அதிகாரம் வேண்டாம் என்பவர், என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர் அவர். (அராஜகம் என்றால் அடிதடி என்றே நம் காதில் விழுவதால் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.) எகிப்திலிருந்து வந்த லக்ஸர் கல்தூணை 1836-இல் பாரிஸில் நிறுத்தினார்கள். இருநூற்றுச் சொச்சம் டன் எடையுள்ள ஒற்றைக் கல் அது. இருநூறு வீரர்கள் சில மணி நேரத்தில் அதை நிமிர்த்திவிட்டார்கள் என்று அவர் எழுதினார். ஒரே ஆள் இருநூறு நாள் பாடுபட்டால் முடியுமா என்று கேட்டார் புரூதோன். முதலாளி இருநூறு பேருக்கும் தனித்தனியே நாட்கூலி கொடுத்துவிடுகிறார். அவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுகூடியதால் பிறந்த வலிமைக்கு மட்டும் கூலி இல்லை. அதன் பலன் லாபமாக அவரிடமே தங்கிவிடுகிறது.

இதை உங்கள் முறைப்படியே போட்டுப் பாருங்கள். இருநூறு பேரும் இருந்தால்தான் தூண் எழும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விலகினால் தூண் எழாது. அப்படியானால் அவருடைய இறுதிநிலை உற்பத்தி, அதாவது அவர் சேர்வதால் கூடும் உற்பத்தி, ஒரு முழுத் தூண். மற்ற 199 பேருக்கும் அதே கணக்குதான். கூட்டினால் இருநூறு தூண்கள் வருகின்றன, நிற்பதோ ஒன்று. உழைப்பும் மூலதனமும் கூடும் அதே விகிதத்தில் உற்பத்தியும் கூடினால் கணக்கு நேராகிவிடும் என்பீர்கள். அந்த நிபந்தனை கரும்பலகையில் நாம் போட்டுக்கொண்டது. எந்தப் பட்டறையும் அதற்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை.

மூலதனத்தின் பங்கும் இப்படித்தான். அதை எந்த அலகால் அளப்பீர்கள் என்று 1950-களில் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் கேட்டார். வட்டி குறையக் குறைய மூலதனம் மிகுந்த உற்பத்தி முறைக்கே மாறுவார்கள் என்ற எளிய கதை எப்போதும் செல்லாது என்று 1966-இல் உங்கள் மரபின் முன்னோடியான பால் சாமுவேல்சனே ஒப்புக்கொண்டார். நான் கற்பிக்கும் நூலில் அதற்கு ஒரு வரி கூட இல்லை.

இரவு வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு கூலி வளைகோட்டைப் பார்த்து எழுந்து கேட்டாள்: "ஐயா, இந்த வளைகோட்டில் மேற்பார்வையாளர் எங்கே இருக்கிறார்?" வகுப்பு அமைதியாகிவிட்டது. நிறுவனத்துக்குள் விலை வேலை செய்வதில்லை, கட்டளைதான் வேலை செய்கிறது என்பதை 1937-இல் உங்களவரான ரொனால்ட் கோஸ் எழுதினார். அந்தக் கட்டளையிடும் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அரசின்மைவாதிகள். வாசலில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது முதலாளியும் தொழிலாளியும் சமம். உள்ளே நுழைந்ததும் ஒருவர் சொல்ல மற்றவர் செய்ய வேண்டும். கையெழுத்திடாதவருக்குச் சாப்பாட்டுக்கு வேறு வழி இருந்ததா என்ற கேள்வியும் அங்கேயே நிற்கிறது.

அவர்களுடைய தீர்வுகளை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. எனக்கும் அவற்றில் ஐயங்கள் உண்டு. அடுத்த பதிப்பில் கூலி அத்தியாயத்தின் பயிற்சி வினாக்களில் முதலாவதாக அந்தக் கல்தூணை வையுங்கள். விடைப் பகுதியில் அதற்கான இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பொருளியல் ஆசிரியர்