பெட்டியில் 1200 வாட், காயிலுக்கு 250

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி சமயத்தில் உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் அந்தக் கடைக்குப் போனேன். காருக்கு 1200 வாட் சப்வூஃபர் (பாஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாக சப்), அதற்குப் பவர் கொடுக்கும் 1000 வாட் ஆம்ப், பொருத்தும் கூலி இலவசம். 'சப் 1200 தாங்கும், ஆம்ப் 1000தான் கொடுக்கும், பயமே இல்லை சார்' என்றார் கடைக்காரர். கேட்கக் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது, நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் பெருந்துறை ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது டிக்கியில் இருந்து ஒரு நாற்றம், தோட்டத்து மோட்டாரில் காயில் போகும்போது வருமே, அதே நாற்றம். அப்புறம் பாஸ் வரவில்லை. வண்டியை ஓரம் கட்டி சப்பின் கோனை இரண்டு கையாலும் மெதுவாக அமுக்கிப் பார்த்தேன், உள்ளே கரகரவென்று உரசுகிறது. கடையில் கேட்டால் 'நீங்க சத்தம் ஜாஸ்தி வெச்சிருப்பீங்க, காயில் எரிஞ்சதுக்கு வாரண்டி கிடையாது' என்று முடித்துவிட்டார்கள்.

என் சித்தப்பா மகன் மோட்டார் காயில் கட்டுகிறவன். அவன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருந்த 1200, ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச அளவாம். தொடர்ந்து தாங்கக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவு பின்பக்கம் எறும்பு மாதிரி ஓர் எழுத்தில் இருக்கிறது, வெறும் 250 வாட். ஆம்புக்கும் அதே கதைதான், ஆனால் அதன் நிஜ அளவு 2 ஓமில் (ஓம் என்பது காயில் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு) 500 வாட். அதாவது 250 தாங்குகிற காயிலுக்கு 500 கொடுக்கிற ஆம்பை மாட்டியிருக்கிறார்கள், பெட்டியில் போட்ட கணக்குக்கு நேர் தலைகீழ்.

ஓம் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் ஒருத்தரும் சொல்வதில்லை. என் சப்பில் இரண்டு காயில், ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் பேரலலாக (பக்கம் பக்கமாக) கொடுத்தால் ஆம்புக்கு 2 ஓம், சீரிஸாக (ஒன்றன்பின் ஒன்றாக) கொடுத்தால் 8 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிகம் தள்ளும். சரி, அதற்காக ஆம்ப் தாங்கும் அளவுக்குக் கீழே போனால் அது சூடாகி சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும், இல்லை அதுவே எரிந்துவிடும். ஆகவே சப்பை எந்த ஓமில் இணைக்கப் போகிறோம், அந்த ஓமில் ஆம்ப் எத்தனை வாட் ஆர்.எம்.எஸ். கொடுக்கும், அது சப்பின் ஆர்.எம்.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே ஆம்பை வைத்தே என் சப்பைக் காப்பாற்றியிருக்கலாம். பொருத்திய பையன் ஆம்பின் கெயின் திருகை (ஸ்டீரியோவில் இருந்து வரும் சிக்னலுக்குத் தக்கபடி ஆம்பை அளவு வைக்கும் திருகு) முழுசாகத் திருப்பி வைத்திருந்தான், அவனுக்கு அது வால்யூம். கெயினை அப்படி ஏற்றினால் ஆம்ப் தன் எல்லைக்கு மேல் போகப் பார்த்து அலையின் மண்டையைத் தட்டையாக வெட்டிவிடுகிறது, அந்த வெட்டுப்பட்ட அலையில் காயிலுக்குப் போகும் சூடு இரண்டு மடங்கு வரை ஏறலாம். அதே அளவில் புது சப் வாங்கியதும் அந்தச் சித்தப்பா மகன் சப்பின் வயரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, ஆம்பின் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் பிடித்தான். 250 வாட்டை 2 ஓமால் பெருக்கினால் 500, அதற்கு வர்க்கமூலம் 22 சொச்சம், அதுதான் வர வேண்டிய வோல்ட். மீட்டர் 22 காட்டும் வரை திருகினான், நிறுத்தினான். பத்து நிமிட வேலை. திருகு பாதிகூடப் போகவில்லை.

இன்னொன்று, இது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம். பேட்டரியில் இருந்து டிக்கி வரை போகிற பவர் கேபிளின் ஃபியூஸை ஆம்புக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நடுவில் எங்காவது கேபிளின் தோல் கிழிந்து பாடியில் பட்டால் அந்த ஃபியூஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கேபிள் அப்படியே பற்றிக்கொள்ளும். ஃபியூஸ் பேட்டரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் இன்ஜின் பக்கத்துத் தகரத்தில் ஓட்டை போட்டு, ஒரு ரப்பர் வளையம்கூட இல்லாமல் கேபிளை உள்ளே இழுத்திருந்தார்கள். கேபிளும் செம்பு இல்லை, அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு.

அமெரிக்காவில் சி.டி.ஏ.-2006 (முன்பு சி.இ.ஏ.-2006) என்று கார் ஆம்புகளுக்கு ஒரு தரநிலை இருக்கிறது. 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேல் ஒலித் திரிபு இல்லாமல் ஆம்ப் எத்தனை வாட் கொடுக்கும் என்று அளந்து போடுவார்கள். அங்கும் அது கட்டாயம் இல்லை, ஆனால் வாங்குகிறவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி கிடைக்கிறது. இங்கே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது, ஆனால் பின்பக்கம் எறும்பு எழுத்தில் உண்மையைப் போட்டுவிட்டவர்களை யார் கேட்கப் போகிறார்கள்?

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த தீபாவளிக்கு இந்த மாதிரி விளம்பரம் வரும்போது, ஆர்.எம்.எஸ். வாட்டும் ஓமும் முன்பக்கத்து எண்ணின் அளவிலேயே இருக்க வேண்டும் என்று உங்கள் விளம்பரப் பிரிவு கேட்கட்டும். எரிந்த சப் இன்னும் என் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது, பழைய இரும்புக்காரர்கூட எடுக்க மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஈரோட்டு வாசகர்